கரிசல் காட்டில் ஒரு எல்லைக்கோடு: கல்லூரி விளையாட்டை மாற்றிய பல்கலைக்கழகப் பிரிவினைகள்

கோவில்பட்டி என்றதும் பலருக்கும் நினைவுக்கு வருவது கடலைமிட்டாய், தீப்பெட்டி, கி.ராஜநாராயணன் என்ற மூன்றும்தான். விளையாட்டுப் பிரியர்களைக் கேட்டால் நான்காவதாக ஒன்றைச் சொல்வார்கள். அது ஹாக்கி! மானாவாரிப் பருத்தியும் கம்பும் சோளமும் விளைந்த கரிசல் மண்ணில், மழை பெய்தால் காலில் ஒட்டிக்கொண்டும் வெயில் காய்ந்தால் பாளம் பாளமாக வெடித்தும் கிடக்கும் அந்தப் பூமியில், ஹாக்கி மட்டையோடு வளர்ந்த பிள்ளைகள் பல தலைமுறைகளாக உண்டு.

அந்தப் பிள்ளைகள் கல்லூரிக்குப் போன பிறகு என்ன ஆகிறார்கள்? ஒரு கல்லூரி அணி எந்தக் கல்லூரியோடு மோத வேண்டும், எந்த ஊருக்குப் போக வேண்டும் என்பதை முடிவு செய்வது யார்? பலரும் யோசித்துப் பார்க்காத கேள்வி இது. ஆனால் இதற்கான விடையில் பல நூறு இளைஞர்களின் வேலைவாய்ப்பு அடங்கியிருக்கிறது.

அமெரிக்காவில் நடந்தது

இந்தக் கேள்வி அமெரிக்காவில் ஆண்டுதோறும் பத்திரிகைகளின் முதல் பக்கத்துக்கு வரும். அங்கே பல்கலைக்கழகங்கள் சேர்ந்து 'கான்ஃபரன்ஸ்' என்ற கூட்டமைப்புகளை அமைத்துக்கொள்கின்றன. ஒரே கூட்டமைப்பில் உள்ளவை தங்களுக்குள் ஆண்டு முழுவதும் விளையாடும். 1896ல் தொடங்கிய 'பிக் டென்' என்ற கூட்டமைப்பு அவற்றில் பழையது. பெயரில் பத்து இருந்தாலும் 2024ல் அதில் இருந்த பல்கலைக்கழகங்கள் 18!

தொடக்கத்தில் இந்தக் கூட்டமைப்புகள் பெரும்பாலும் பக்கத்து ஊர்க்காரர்கள் சேர்ந்து அமைத்தவை. 1984ல் அமெரிக்க உச்ச நீதிமன்றம் ஒரு தீர்ப்பில், கல்லூரிக் கால்பந்தின் தொலைக்காட்சி உரிமையைத் தேசிய அமைப்பு மட்டும் கையில் வைத்திருக்க முடியாது என்று சொன்னது. அதன் பிறகு ஒவ்வொரு கூட்டமைப்பும் தனித்தனியாகத் தொலைக்காட்சி நிறுவனங்களோடு பேரம் பேசத் தொடங்கியது. அதிகப் பணம் கிடைக்கும் கூட்டமைப்புக்குத் தாவுவது வழக்கமாயிற்று. 2024ல் பசிபிக் கரையோரக் கூட்டமைப்பான 'பேக் 12' சிதறிப்போய், அதில் இரண்டே பல்கலைக்கழகங்கள் மிஞ்சின. கலிபோர்னியாவின் லாஸ் ஏஞ்சல்ஸ் மாணவர்கள் சுமார் 4,000 கிலோமீட்டர் தள்ளி இருக்கும் நியூ ஜெர்சி மாணவர்களோடு ஒரே கூட்டமைப்பில் சேர்ந்தார்கள். பசிபிக் கரையில் இருக்கும் ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழகம் அட்லாண்டிக் கரையோரக் கூட்டமைப்பில் போய்ச் சேர்ந்தது!

நம் ஊரில் இப்படி ஒரு கூத்து கிடையாது என்று தோன்றலாம். உண்மையில் இங்கேயும் கோடுகள் மாறிக்கொண்டேதான் இருந்திருக்கின்றன. ஒரே ஒரு வித்தியாசம். அங்கே கோட்டை மாற்றியது தொலைக்காட்சிப் பணம். இங்கே மாற்றியது சட்டமன்றத்தில் நிறைவேறிய பல்கலைக்கழகச் சட்டங்கள். அந்தச் சட்டங்களை எழுதும்போது விளையாட்டைப் பற்றி யாரும் பெரிதாக நினைத்திருக்க மாட்டார்கள். ஆனாலும் விளையாட்டு மாறியது.

ஒரு பல்கலைக்கழகம், ஒரு அணி

இந்திய முறை எப்படி இயங்குகிறது என்பதை முதலில் பார்த்துவிடலாம். ஒரு பல்கலைக்கழகத்தோடு இணைந்த கல்லூரிகள் தங்களுக்குள் 'இன்டர் காலேஜியேட்' எனப்படும் கல்லூரிகளுக்கிடையேயான போட்டிகளில் மோதுகின்றன. அந்தப் போட்டிகளில் நன்றாக விளையாடியவர்களைப் பொறுக்கி எடுத்துப் பல்கலைக்கழக அணி அமைக்கப்படுகிறது. அந்த அணி தென்மண்டலப் பல்கலைக்கழகப் போட்டிக்குப் போகிறது. அங்கே முன்னணியில் வரும் அணிகள் அகில இந்தியப் போட்டிக்குப் போகின்றன. 1925ல் பல்கலைக்கழகங்களுக்கு இடையேயான வாரியமாகத் தொடங்கி, 1973 முதல் இந்தியப் பல்கலைக்கழகங்களின் சங்கம் என்று அழைக்கப்படும் அமைப்புதான் இந்தப் போட்டிகளை நடத்துகிறது.

இதில் முக்கியமான விதி, ஒரு பல்கலைக்கழகத்துக்கு ஒரு விளையாட்டில் ஒரு அணிதான். அந்தப் பல்கலைக்கழகத்தில் 20 கல்லூரிகள் இருந்தாலும் சரி, 500 கல்லூரிகள் இருந்தாலும் சரி, அதே கணக்குதான்.

இதனால் என்ன என்று கேட்கலாம். மத்திய அரசு 1980ல் வெளியிட்ட ஆணை ஒன்று, விளையாட்டு வீரர்களுக்கு எந்த அடிப்படையில் அரசு வேலை தரலாம் என்று வரையறுத்தது. நாட்டுக்காகவோ மாநிலத்துக்காகவோ விளையாடியவர்களுக்கு அடுத்து அதில் இடம்பெற்றவர்கள் பல்கலைக்கழகங்களுக்கு இடையேயான போட்டியில் தங்கள் பல்கலைக்கழகத்துக்காக விளையாடியவர்கள். அதற்குரிய சான்றிதழுக்குப் 'படிவம் 3' என்று பெயர். விளையாட்டு ஒதுக்கீட்டில் ரயில்வேக்கும் காவல்துறைக்கும் முயற்சி செய்யும் இளைஞர்களுக்கு இந்தப் படிவங்களின் எண்கள் மனப்பாடம்!

கல்லூரி அணியில் விளையாடியதற்குக் கோப்பை கிடைக்கும், கைத்தட்டல் கிடைக்கும். படிவம் 3 கிடைக்காது. பல்கலைக்கழக அணியில் இடம் கிடைத்தால்தான் அது கிடைக்கும். வானம் பார்த்த பூமியில், தீப்பெட்டி ஆபீசிலும் மில்லிலும் பெற்றோர் வேலை பார்க்கும் வீட்டில், அந்த ஒரு காகிதத்தின் மதிப்பு என்ன என்பதைச் சொல்ல வேண்டியதில்லை. ஆகவே பல்கலைக்கழக எல்லை எங்கே போடப்படுகிறது என்பது எத்தனை பேருக்கு அந்தக் காகிதம் கிடைக்கும் என்பதையும் தீர்மானிக்கிறது.

1966: சென்னையிலிருந்து மதுரைக்கு

1857ல் தொடங்கிய சென்னைப் பல்கலைக்கழகத்தின் குடையின் கீழ்தான் ஒரு காலத்தில் தென்னிந்தியாவின் பெரும்பகுதி இருந்தது. 1926ல் ஆந்திரப் பல்கலைக்கழகமும் 1937ல் திருவிதாங்கூர் பல்கலைக்கழகமும் வந்த பிறகு அந்தக் குடை சுருங்கியது. இருந்தாலும் தமிழகத்தைப் பொறுத்தவரை, 1929ல் உருவான அண்ணாமலைப் பல்கலைக்கழகம் தவிர மற்ற இடமெல்லாம் சென்னையின் ஆட்சிதான். பாளையங்கோட்டையின் தூய யோவான் கல்லூரியும் தூய சவேரியார் கல்லூரியும், 1951ல் தொடங்கிய தூத்துக்குடி வ.உ.சிதம்பரம் கல்லூரியும் சென்னையைத்தான் பார்த்துக்கொண்டிருந்தன.

1966ல் மதுரைப் பல்கலைக்கழகம் உருவானது. மதுரை, ராமநாதபுரம், திருநெல்வேலி, கன்னியாகுமரி ஆகிய அன்றைய பெரிய மாவட்டங்கள் அதன் எல்லைக்குள் வந்தன. அதே 1966ல்தான் கோவில்பட்டியில் கோ.வெங்கடசுவாமி நாயுடு கல்லூரியும் தொடங்கியது. பல்கலைக்கழகமும் கல்லூரியும் ஒரே வயது!

அடுத்த கால் நூற்றாண்டுக்குக் கரிசல் பூமியின் கல்லூரிகள் எல்லாம் ஒரே குடும்பம். விருதுநகர் செந்திக்குமார நாடார் கல்லூரி, சிவகாசி அய்ய நாடார் ஜானகி அம்மாள் கல்லூரி, 1970ல் தொடங்கிய சாத்தூர் ராமசாமி நாயுடு ஞாபகார்த்தக் கல்லூரி, கோவில்பட்டிக் கல்லூரி என்று மதுரை–திருநெல்வேலி சாலையை ஒட்டியும் அதன் பக்கத்திலும் இருந்த கல்லூரிகள் ஒரே பட்டியலில் இருந்தன. காலையில் பஸ் ஏறினால் மேட்ச் ஆடிவிட்டுச் சாயங்காலம் வீட்டுக்கு வந்துவிடும் தூரம். மாவட்ட எல்லை குறுக்கே இருந்தது. ஆனால் மைதானத்தில் அந்த எல்லைக்கு வேலை இல்லை.

இதில் ஒரு குறையும் இருந்தது. நான்கு பெரிய மாவட்டங்களுக்கும் சேர்த்து ஒரே அணி. கொடைக்கானல் மலையடிவாரத்திலிருந்து குமரி முனை வரைக்கும் உள்ள எல்லாக் கல்லூரி வீரர்களும் அதே 16 அல்லது 18 இடங்களுக்குத்தான் போட்டியிட வேண்டும்.

1990: 22 கிலோமீட்டரில் ஒரு கோடு

1990 செப்டம்பரில் மனோன்மணியம் சுந்தரனார் பல்கலைக்கழகம் தொடங்கப்பட்டது. மதுரை காமராசர் பல்கலைக்கழகம் என்று பெயர் மாறியிருந்த பழைய பல்கலைக்கழகத்திலிருந்து திருநெல்வேலி, தூத்துக்குடி, கன்னியாகுமரி மாவட்டக் கல்லூரிகள் பிரிந்து வந்தன. அதற்குச் சில ஆண்டுகளுக்கு முன்புதான் மாவட்டங்களும் பிரிக்கப்பட்டிருந்தன. சாத்தூர் 1985ல் உருவான விருதுநகர் மாவட்டத்திலும், கோவில்பட்டி 1986ல் உருவான தூத்துக்குடி மாவட்டத்திலும் இருந்தன. பல்கலைக்கழகக் கோடு இந்த இரண்டுக்கும் நடுவே விழுந்தது.

கோவில்பட்டிக்கும் சாத்தூருக்கும் தூரம் சுமார் 22 கிலோமீட்டர். ஒரே மண், ஒரே பேச்சு, ஒரே தீப்பெட்டித் தொழில். ஆனால் 1990க்குப் பிறகு சாத்தூர் கல்லூரி மதுரைப் பட்டியலின் தெற்கு ஓரம், கோவில்பட்டிக் கல்லூரி நெல்லைப் பட்டியலின் வடக்கு ஓரம். பல்கலைக்கழகப் போட்டியில் இரண்டும் சந்திக்க வழியில்லை. கோவில்பட்டி மாணவன் 22 கிலோமீட்டர் பக்கத்திலுள்ள சாத்தூர்க்காரனோடு ஆடுவதை விட்டுவிட்டு, 140 கிலோமீட்டர் தள்ளியுள்ள நாகர்கோவில்காரனோடு ஆட வேண்டியதாயிற்று.

இழப்பு மட்டும்தானா? இல்லை. இதே கோடுதான் தென் மாவட்டங்களுக்கு இரண்டாவது அணியைக் கொடுத்தது. ஹாக்கி அணியில் 18 பேர் என்றால், 1990 வரை 18 பேருக்குக் கிடைத்த வாய்ப்பு அதன் பிறகு 36 பேருக்குக் கிடைத்தது. ஆண்கள், பெண்கள் இருபாலருக்கும், கபடி, கைப்பந்து, கால்பந்து என ஒவ்வொரு விளையாட்டுக்கும் இதே கணக்கைப் போட்டுப் பார்த்தால் அந்த ஒரு சட்டம் எத்தனை இளைஞர்களுக்குக் கதவைத் திறந்தது என்பது புரியும். கோவில்பட்டி போன்ற சிறிய ஊரின் கல்லூரி, மதுரைப் பெருநகரக் கல்லூரிகளின் நிழலிலிருந்து வெளியே வந்ததும் அப்போதுதான்.

ஒரே வளாகம், ஐந்து முகவரிகள்

கோவில்பட்டியில் 1984ல் தொடங்கிய நேஷனல் பொறியியல் கல்லூரியின் கதை இன்னும் சுவையானது. தொடங்கியபோது அது மதுரை காமராசர் பல்கலைக்கழகத்தின் கீழ் இருந்தது. 1990ல் மனோன்மணியம் சுந்தரனார் பல்கலைக்கழகத்துக்கு வந்தது. 2001ல் தமிழகம் முழுவதும் உள்ள பொறியியல் கல்லூரிகளை அண்ணா பல்கலைக்கழகத்தோடு இணைத்தபோது அங்கே போனது. 2007ல் அண்ணா பல்கலைக்கழகம் பிரிக்கப்பட்டுத் திருநெல்வேலியில் தனிப் பல்கலைக்கழகம் வந்தபோது அதன் கீழ் வந்தது. 2012ல் பிரிந்தவை எல்லாம் மறுபடியும் ஒன்றாக்கப்பட்டபோது மீண்டும் சென்னைக்கே போனது. கட்டடம் ஓர் அங்குலம் கூட நகரவில்லை. 28 ஆண்டுகளில் முகவரி ஐந்து!

விளையாட்டு வீரனின் கண்ணால் இதைப் பார்க்க வேண்டும். 2000ல் அந்தக் கல்லூரியில் படித்தவன் பல்கலைக்கழக அணியில் இடம் பிடிக்க மூன்று மாவட்டக் கல்லூரிகளின் வீரர்களோடு போட்டியிட்டால் போதும். அண்ணா பல்கலைக்கழகத்தின் கீழ் வந்த பிறகு, சென்னை, கோவை, சேலம், திருச்சி என்று மாநிலத்தின் நூற்றுக்கணக்கான பொறியியல் கல்லூரிகளோடு போட்டியிட வேண்டும். முதலில் மண்டலப் போட்டி, அதில் ஜெயித்தால் மண்டலங்களுக்கு இடையேயான போட்டி, அதற்கு மேல் தேர்வு முகாம். 2007ல் திருநெல்வேலிப் பல்கலைக்கழகம் வந்தபோது வட்டம் மறுபடியும் சிறிதானது. 2012ல் மறுபடியும் பெரிதானது. ஒரே திறமை உள்ள இரண்டு மாணவர்களில் 2008ல் படித்தவனுக்கு எட்டிய இடம் 2014ல் படித்தவனுக்கு எட்டாமல் போயிருக்கலாம். அவன் செய்த பிழை தாமதமாகப் பிறந்தது மட்டும்தான்!

இன்னொரு விசித்திரமும் நடந்தது. 2001க்கு முன் வெங்கடசுவாமி நாயுடு கல்லூரியும் நேஷனல் பொறியியல் கல்லூரியும் ஒரே பல்கலைக்கழகம். அதன் பிறகு கலைக் கல்லூரி நெல்லையிலேயே இருக்க, பொறியியல் கல்லூரி அண்ணாவுக்குப் போய்விட்டது. ஒரே ஊரின் இரண்டு கல்லூரிகள் பல்கலைக்கழகப் போட்டிகளில் எதிரெதிரே நிற்க முடியாத நிலை. ஒரே பள்ளியில் ஒரே அணியில் ஆடிய இரண்டு நண்பர்களில் ஒருவன் பி.எஸ்சி.யும் மற்றவன் பி.இ.யும் சேர்ந்தால், அதோடு அவர்கள் இருவரும் வேறு வேறு உலகம்.

2004ல் தமிழ்நாடு உடற்கல்வியியல் மற்றும் விளையாட்டுப் பல்கலைக்கழகத்துக்கான சட்டம் வந்தபோது இன்னொரு கோடு விழுந்தது. திருச்செந்தூர் டாக்டர் சிவந்தி ஆதித்தனார் உடற்கல்வியியல் கல்லூரி போன்றவை அந்தப் புதிய பல்கலைக்கழகத்துக்குப் போயின. விளையாட்டையே பாடமாக எடுத்துப் படிப்பவர்கள் தனி அணியாகப் பிரிந்ததால், கலைக் கல்லூரி மாணவர்களுக்குச் சுந்தரனார் அணியில் இடம் கிடைப்பது எளிதானது. அதே காரணத்தால் அந்த அணி தன் பலத்தில் ஒரு பகுதியை இழந்தது.

1984ல் பிறந்த இரட்டையர்

பல்கலைக்கழகங்களை அரசு பிரித்ததும் சேர்த்ததும் ஒரு பக்கம். கல்லூரிகள் தாமாகவே வெளியேறியது இன்னொரு பக்கம். அமெரிக்கக் கதையை ஓரளவு ஒத்திருப்பது இதுதான்.

கிருஷ்ணன்கோவிலில் கலசலிங்கம் பொறியியல் கல்லூரி தொடங்கியதும் அதே 1984ல்தான். 2006ல் அது நிகர்நிலைப் பல்கலைக்கழகமானது. அதாவது அந்த ஒரு வளாகமே ஒரு பல்கலைக்கழகம். தென்மண்டலப் போட்டிக்கு அது தன் சொந்த அணியை நேரடியாக அனுப்பலாம். நேஷனல் பொறியியல் கல்லூரி 2011ல் தன்னாட்சி பெற்றது. பாடத்திட்டம் வகுக்கவும் தேர்வு நடத்தவும் தன்னாட்சி உதவும். ஆனால் தனி அணி அனுப்ப உதவாது. ஆக, ஒரே ஆண்டில் தொடங்கிய இரண்டு பொறியியல் கல்லூரிகளில் ஒன்றில் நல்ல கல்லூரி அணியே பல்கலைக்கழக அணி. மற்றொன்றில் மாநிலம் முழுவதையும் தாண்டி வரும் ஒருவர் இருவருக்குத்தான் அந்தச் சீருடை.

சென்னையின் எஸ்.ஆர்.எம். போன்ற நிகர்நிலைப் பல்கலைக்கழகங்கள் இதன் பலனை முழுமையாகப் பயன்படுத்திக்கொண்டன. மாநிலம் முழுவதிலிருந்தும் பள்ளி வீரர்களை அழைத்து, கட்டணச் சலுகை தந்து, ஆண்டு முழுவதும் ஒரே மைதானத்தில் பயிற்சி கொடுத்தால் அணி எப்படி இருக்கும்! பல கல்லூரிகளிலிருந்து பொறுக்கி எடுக்கப்பட்டு, போட்டிக்குச் சில நாட்கள் முன்பு மட்டும் முகாமில் ஒன்றுசேரும் பழைய பல்கலைக்கழக அணிகளுக்கு இது பெரிய சவால். கைப்பந்தில் எஸ்.ஆர்.எம். அகில இந்திய அளவில் பட்டம் வென்றதற்கு இந்த முறை ஒரு முக்கியக் காரணம்.

கோட்டுக்கு வெளியே

இத்தனை முறை கோடுகள் மாறியும் கோவில்பட்டியில் ஹாக்கி அழியவில்லை. காரணம், அந்த ஊரின் ஹாக்கி கல்லூரிப் பட்டியலை மட்டும் நம்பி இருக்கவில்லை. பள்ளிகள், உள்ளூர் கிளப்புகள், ஆலைகளின் ஆதரவு, ஊர் கூடிப் பார்க்கும் ஓப்பன் டோர்னமென்ட்டுகள் என்று அதற்கு வேறு வேர்கள் இருந்தன. கே.ஆர். கல்வி நிறுவனங்களின் சார்பில் நடக்கும் லட்சுமி அம்மாள் நினைவு அகில இந்திய ஹாக்கிப் போட்டிக்கு வங்கி அணிகளும் பொதுத்துறை நிறுவன அணிகளும் வந்து ஆடியிருக்கின்றன. ஓப்பன் டோர்னமென்ட்டில் யார் எந்தப் பல்கலைக்கழகம் என்று யாரும் கேட்பதில்லை.

பின்னர் செயற்கைப் புல்வெளி மைதானமும், தமிழ்நாடு விளையாட்டு மேம்பாட்டு ஆணையத்தின் ஹாக்கி சிறப்பு விளையாட்டு விடுதியும் வந்தன. 2021 டிசம்பரிலும் 2022 மே மாதத்திலும் தேசிய ஜூனியர் ஆண்கள் சாம்பியன்ஷிப் போட்டிகள் இங்கே நடந்தன. அதே 2022ல் ஜகார்த்தாவில் நடந்த ஆசியக் கோப்பையில் வெண்கலம் வென்ற இந்திய அணியில் இரண்டு தமிழர்கள் இருந்தார்கள். ஒருவர் கோவில்பட்டியைச் சேர்ந்த மாரீஸ்வரன் சக்திவேல். மற்றவர் அரியலூரிலிருந்து வந்து கோவில்பட்டியில் பயிற்சி பெற்ற கார்த்தி செல்வம். பாகிஸ்தானுக்கு எதிரான ஆட்டத்தில் இந்தியாவின் கோலை அடித்தவர் கார்த்திதான்.

தமிழக அரசின் முதலமைச்சர் கோப்பைப் போட்டிகளில் கல்லூரிப் பிரிவு மாவட்ட வாரியாக நடத்தப்படுவதும் கவனிக்கத்தக்கது. அதில் பல்கலைக்கழகம் கணக்கில்லை, மாவட்டம்தான் கணக்கு. ஆகவே கோவில்பட்டியின் கலைக் கல்லூரியும் பொறியியல் கல்லூரியும் அங்கே மறுபடி எதிரெதிரே நிற்கலாம். ஆனால் சாத்தூர் மட்டும் இன்னும் கோட்டுக்கு அந்தப் பக்கம்தான்!

கோட்டின் கணக்கு

இந்த வரலாற்றைத் திரும்பிப் பார்த்தால் ஒரு கணக்கு தெளிவாகத் தெரிகிறது. வட்டம் பெரிதானால் அணி பலமாகும், ஆனால் இடம் குறையும். வட்டம் சிறிதானால் இடம் கூடும், ஆனால் அணியின் பலம் குறையும். இரண்டில் எது சரி என்று ஒரே வரியில் சொல்லிவிட முடியாது. பதக்கம் மட்டுமே குறி என்றால் பெரிய வட்டமோ, வசதி படைத்த ஒரே வளாகமோ நல்லது. கரிசல் காட்டுக் கிராமத்துப் பையனுக்கும் பெண்ணுக்கும் ஒரு வாய்ப்பு வேண்டும் என்றால் சிறிய வட்டமே நல்லது.

அமெரிக்காவில் லாபத்துக்காகக் கோட்டை மாற்றினார்கள், அதைப் பற்றி நாடே விவாதித்தது. இங்கே நிர்வாக வசதிக்காகக் கோட்டை மாற்றினார்கள், விளையாட்டு வீரர்களைப் பற்றிய விவாதம் நடக்கவே இல்லை. 1990ல் அவர்களுக்குக் கிடைத்தது யாரும் திட்டமிட்டுக் கொடுத்ததல்ல. 2001லும் 2012லும் அவர்கள் இழந்ததும் யாரும் திட்டமிட்டுப் பறித்ததல்ல. இனி ஒரு பல்கலைக்கழகம் பிரிக்கப்படும்போதோ இணைக்கப்படும்போதோ, பாடத்திட்டம், தேர்வு, பட்டம் ஆகியவற்றோடு சேர்த்து இன்னொரு கேள்வியையும் கேட்பது நல்லது. இந்த வட்டத்துக்குள் எத்தனை பேருக்குப் படிவம் 3 கிடைக்கும்?